மூடி சொன்ன சாட்சி: வளரிளம் பருவத்தினர் உடல்நலமும் வீடியோ கேமும்

      

வீடியோ கேமைக் கொண்டு வளரிளம் பருவத்தினரின் உடல்நலத்தைப் பேண முடியுமா? புகையிலை, மது, பாதுகாப்பற்ற உறவு இவற்றிலிருந்து அவர்களைத் தள்ளி வைக்க முடியுமா? இந்தக் கேள்வியில் எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு உண்டென்பது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களும் கேமை நம்புகிறவர்கள்தான், நானும் நம்புகிறவன்தான். கேம் பலித்ததா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்பதில்தான் பிரிகிறோம். ஆடுவதற்கு முன் ஒரு வினாத்தாள், ஆடிய பின் அதே வினாத்தாள், மதிப்பெண் ஏறினால் வெற்றி என்பது அவர்கள் முறை. பிள்ளையின் வாய் சொல்வதை விட்டுவிட்டு அவன் கை செய்வதைப் பாருங்கள் என்பது என் கட்சி.

இந்தக் கட்சிக்கு நான் வந்தது ஒரு பள்ளியில். புகையிலையின் தீமையைச் சொல்லும் சிறு கேம் ஒன்றை நண்பர் ஒருவரும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஆட வைத்தோம். இரண்டாம் வினாத்தாளுக்கு மணி அடித்ததும் ஒரு பையன் குழாயடிக்கு ஓடினான். கீழுதட்டுக்குள் விரலை விட்டு, தேயிலைப் பை போன்ற வெள்ளைப் புகையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சுவரோரம் எறிந்தான், வாய் கொப்பளித்தான், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். எல்லா விடையும் சரி. வாய்ப்புற்று எப்படி வருகிறது என்ற கேள்விக்கு எங்கள் கேமில் இருந்ததைவிடத் தெளிவாக எழுதியிருந்தான். நண்பர் அந்த மதிப்பெண்களை வைத்துக் கட்டுரை எழுதினார். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். வழக்கு அன்று தொடங்கியது.

என் தரப்புச் சாட்சி ‘ரீ-மிஷன்’ என்னும் கேம். பாம் ஒமிட்யார் அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய ஹோப்லேப் என்ற அமைப்பு உருவாக்கி, 2006-இல் வெளியிட்டது. ஆடுகிறவர்கள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகள். ராக்ஸி என்னும் நானோபாட் (நுண்ரோபோ) பெண் நோயாளியின் உடலுக்குள் இறங்குகிறாள். புற்றணுக்களைச் சுடுகிறாள், கிருமிகளை விரட்டுகிறாள். மொத்தம் 20 கட்டங்கள். கதையில் வரும் நோயாளி மருந்து வேளையைத் தவறவிட்டால் ராக்ஸியின் ஆயுதம் சரியாகச் சுடாது. தப்பிய அணுக்கள் அந்த மருந்துக்கு மசியாதவையாகிவிடும். ‘மருந்தைத் தவறாமல் சாப்பிடு’ என்று யாரும் உபதேசிப்பதில்லை. தவறவிட்டால் தோற்பது விளையாடுகிறவன். பிறகு திரும்ப ஆடி ஜெயிக்கிறவனும் அவனே.

சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவமனையில் மருந்து ஏற்றும் காலம் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் மாத்திரை உண்டு. பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கும், பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பான், நோயாளி என்ற நினைப்பே கசக்கும். அந்தக் காலத்தில்தான் மாத்திரை தவறுகிறது. தவறினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. இதை டாக்டர் சொல்லியிருப்பார், அம்மா தினமும் சொல்லியிருப்பாள். தெரியாததால் விழுங்காதவன் இல்லை அவன்.

பமேலா கேட்டோ, ஸ்டீவ் கோல் குழுவினர் இந்தக் கேமைச் சோதித்த ஆய்வு 2008-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ மையங்கள்; 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகள். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கடையில் கிடைக்கும் ‘இண்டியானா ஜோன்ஸ்’ கேம். சோதனைக் குழுவுக்கு அதோடு ரீ-மிஷனும். மூன்று மாதம் பின்தொடர்ந்தார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். எதிர்ப்பு சக்தி குறைந்த அந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கக் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை தருவார்கள். 200 பேருக்கு அந்தப் புட்டியின் மூடியில் ஒரு சில்லு இருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ரீ-மிஷன் ஆடியவர்கள் மற்றவர்களைவிட 16 சதவீதம் அதிகமாக அந்த மருந்தை எடுத்தார்கள் என்று மூடிகள் சொல்லின. “மூடியைத் திறந்தவன் விழுங்கினானா, சன்னல் வழியே வீசினானா?” என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் அதை யோசித்திருந்தார்கள். 6-மெர்காப்டோப்யூரின் என்னும் புற்றுநோய் மாத்திரையை மூடியைக் கொண்டு அளக்காமல், 54 பேரின் ரத்தத்தை எடுத்து, உடலுக்குள் அந்த மருந்து விட்டுச்சென்ற தடத்தைத் தேடினார்கள். அங்கேயும் ரீ-மிஷன் ஆடியவர்களே முன்னே நின்றார்கள். சன்னல் வழியே போன மாத்திரை ரத்தத்தில் தெரியாது.

அதே ஆய்வில் அதே நோயாளிகளிடம் “மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?” என்று வினாத்தாளிலும் கேட்டிருந்தார்கள். அந்த விடைகளில் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை. மூடி இல்லாமல், ரத்தம் எடுக்காமல், காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால் ‘இந்தக் கேம் பயனற்றது’ என்று எழுதி மூடியிருப்பார்கள். எங்கள் பள்ளியில் வினாத்தாள், இல்லாத வெற்றியைக் காட்டியது. ரீ-மிஷன் ஆய்வில், இருந்த வெற்றியை மறைத்தது. இரண்டு பக்கமும் பொய் சொல்லும் தராசை வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகளின் உடம்பை எடை போடலாமா?

அந்த ஆய்விலேயே நோய் பற்றிய அறிவும் கூடியதே என்று நண்பர்கள் சொல்வார்கள். கூடியது, மறுக்கவில்லை. தன்னால் சமாளிக்க முடியும் என்ற துணிவும் கூடியது. அந்தத் துணிவுதான் கையை அசைத்தது என்பது என் கருத்து. கோல் குழுவினர் 2012-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 57 பேர் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தார்கள். சிலர் ரீ-மிஷனை ஆடினார்கள், சிலர் அதே காட்சிகளை வெறுமனே பார்த்தார்கள். தகவல் இருவருக்கும் ஒன்றே. ஆடியவர்களுக்குத்தான் மூளையில் ஊக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் விழித்தன. இது மூளையின் சாட்சி, நடத்தையின் சாட்சி ஆகாது. என் அளவுகோலை எனக்கும் பொருத்திக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்பு எப்போதும் கையில் எடுப்பது ‘பிளேஃபார்வர்ட்’ என்னும் கேம். யேல் பல்கலைக்கழகத்தில் லின் ஃபியெலின் குழுவினர் எச்.ஐ.வி. தடுப்புக்காக உருவாக்கியது. 11 முதல் 14 வயது வரை 333 பேர், ஐபேடில் ஆறு வாரம். 2017-இல் முடிவு வந்தது. பாலியல் நலம் பற்றிய அறிவும் மனப்பாங்கும் 12 மாதம் கழித்தும் மேம்பட்டிருந்தன. உடலுறவைத் தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் வேறுபாடு இல்லை. நண்பர்கள் முதல் பாதியைப் படித்துக் கைதட்டினார்கள். இரண்டாம் பாதிக்குக் காரணம் சொல்லலாம்: அந்தச் சிறு வயதில், ஓராண்டுக்குள், எத்தனை பேர் தொடங்கியிருப்பார்கள்? வேறுபாடு தெரிய இன்னும் பல ஆண்டு பின்தொடர வேண்டும். மாத்திரை ஒருவன் தனியாகச் செய்யும் காரியம், மறுப்பு இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது என்பதும் உண்டு. காரணம் எதுவானாலும் நாடிய பலன் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

நியூசிலாந்தின் ‘ஸ்பார்க்ஸ்’ என்னும் கேம் பற்றியும் பேச நினைத்திருந்தேன். மனச்சோர்வுள்ள 187 வளரிளம் பருவத்தினரிடம் அது வழக்கமான ஆலோசனைச் சிகிச்சைக்குக் குறையாமல் பயன் தந்ததாக 2012-இல் ‘பி.எம்.ஜே.’ இதழ் வெளியிட்டது. மனச்சோர்வுக்கு மூடியும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. அங்கே கேட்டுத்தான் அறிய வேண்டும். என் கட்சிக்கு இந்த விலக்கை ஒப்புக்கொள்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. இளைய ஆய்வாளர்களுக்குச் சிலவற்றை மட்டும் விரைந்து சொல்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கேம் செய்கிறீர்களா, குளுக்கோமீட்டரின் நினைவகத்தைத் திறந்து பாருங்கள், தேதியோடு எல்லாம் அதில் இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள், அவர்களுக்கும் ஒரு நல்ல கேம் கொடுங்கள். கேமை வடிவமைக்கும்போதே பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள். மூன்று மாதத்தில் நிறுத்தாதீர்கள்.

புகையிலைக்கு, நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினை உமிழ்நீரில் தேடும் சோதனை இருக்கிறது. புகைத்தாலும் காட்டும், உதட்டுக்கடியில் வைத்தாலும் காட்டும். குழாயடியில் கொப்பளித்துவிட்டு வந்தால் போகாது. ஆனால் பெற்றோரின் ஒப்புதலோடு பையனின் ஒப்புதலையும் வாங்குங்கள். யாருடைய முடிவும் தலைமையாசிரியர் மேசைக்குப் போகாது என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டு எடுங்கள்.