குடல் நோயும் மரபணு ஆய்வும்

மைசூரில் இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில் 1950 அக்டோபரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பற்றாக்குறை நாட்டை வாட்டிய காலம் அது. மக்களின் வயிற்றை நிரப்புவது எப்படி என்பதே அன்றைய கேள்வி. உண்ட உணவு குடலின் உயிரணுக்களில் என்ன மாறுதலை விளைவிக்கிறது என்னும் கேள்வி இன்று அதனுடன் சேர்ந்துள்ளது.

மனித உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். புரதம் ஆக்குவதற்கான கட்டளைகளைத் தாங்கிய மரபணுக்கள் அதில் சுமார் 20,000 உள்ளன. ஆயினும் குடலின் உயிரணு கண்ணின் உயிரணுவைப்போல் இயங்குவதில்லை. அலுவலகத்தின் பதிவறையில் எல்லாக் கோப்புகளும் இருப்பினும், அன்றன்று மேசைக்கு வருபவை சிலவே அன்றோ? அவ்வாறு செயலுக்கு வந்த மரபணுக்களின் நகல்களே ஆர்.என்.ஏ. எனப்படுபவை. அவற்றை அளந்தறிவதே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. கண்ணாடித் தகட்டின் மீது பல மரபணுக்களின் செயலை ஒருசேர அளக்கும் முறையை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டனர்.

பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் எட்டுப் பத்து ஆண்டுகள் நீடித்தால் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எந்த நோயாளிக்கு அது வரும்? நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் கட்டிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவொன்று, பெருங்குடல் புற்றுநோயை மரபணு வெளிப்பாட்டின்படி நான்கு வகைகளாக 2015-இல் பிரித்துக் காட்டியது.

இங்குதான் உணவு குறுக்கிடுகிறது. செரியாத நார்ச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் அமிலப் பொருளை உண்டாக்குகின்றன. அது குடலின் உயிரணுக்களுக்கு எரிபொருளாவதுடன், சில மரபணுக்களின் செயலையும் மாற்றுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரும் தத்தம் உணவை இரண்டு வாரம் மாற்றிக்கொண்ட ஆய்வும் 2015-இல் வெளியாயிற்று. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு மாறியவர்களின் குடலில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன, மற்றவர்களிடம் கூடின. இரண்டு வார உணவு நோயைத் தடுத்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. குடல் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதே வியப்பு.

மைசூர் வட்டாரத்து உழவரின் உணவு கேழ்வரகுக் களி. நூறு கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. களியிலிருந்து வெள்ளைச் சோற்றுக்கு மாறிய குடும்பங்களின் குடலில் எந்த மரபணுக்கள் விழித்தன, எவை உறங்கின என்பது அறியத்தக்கது.

பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதி பற்றிய தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நற்செய்திதான். எனினும் அது பதிவறையின் பட்டியலே. மேசையில் உள்ள கோப்பை அறிய நோயுற்ற திசுவே வேண்டும். ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவது. கிள்ளியெடுத்த அரிசியளவு திசுவை உடனே உறைகுளிரில் வைக்கவோ, அதைக் காக்கும் திரவத்தில் இடவோ வேண்டும். அதற்கான செலவு பெரிதன்று, பழக்கமே அரிது. அதோடு நோயாளி என்ன உண்கிறார் என்பதையும் எழுதிவைத்தால்தான் ஆய்வு பயன்தரும்.

அதற்கும் முன்னதாக ஒரு தேவை உண்டு. மலத்தில் இரத்தம் கண்டு வருபவரை மூலநோய் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் எந்தத் திசுவும் ஆய்வுக்கூடத்தை எட்டாது. குடலை உள்நோக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்த மருத்துவரும் மாவட்ட மருத்துவமனையில் இருந்தாக வேண்டும்.