கடல் கடந்த கல்வியும் குமரப்பா கண்ட நோக்கமும்



இந்த ரமணாசிரமப் பகுதிக்கு மன அமைதி நாடிப் பல நாட்டினர் வருகின்றனர். இங்குள்ள இளைஞர்களோ உயர்கல்வி நாடிப் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். நிலத்தை அடகு வைத்தும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. அக்கேள்வி தவறன்று, ஆனால் அது ஒன்றே போதுமா?

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர். 1927இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் கற்றார். அடுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றபோது, இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். தாயகத்து வறுமையின் காரணம் அயல்நாட்டு வகுப்பறையில் அவருக்குத் தெளிவாயிற்று.

1929இல் திரும்பியவர் காந்தியடிகளைச் சந்தித்தார். தணிக்கைத் தொழிலை விட்டார். குசராத்தின் மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராக உழவர்தம் வரவு செலவை ஆய்ந்தார். பின்னர் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். கற்ற கணக்கு வீணாகவில்லை; அது பயன்படும் இடமே மாறியது.

கிறித்தவராகிய அவர் வகுத்த பொருளியலுக்கு அடிப்படை, வன்முறையின்மையும் பேராசையின்மையும் ஆகும். சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இளமையிலேயே கேட்டறியும் அறங்கள் அவை.

ஆகவே, வெளிநாடு செல்லும் பிள்ளையிடம், "அங்குக் கற்பது யாருக்குப் பயன்படும்?" என்றும் கேட்டு அனுப்புங்கள். விடை உடனே வேண்டியதில்லை. குமரப்பாவுக்கும் அது முப்பத்தைந்து வயதுக்குப் பின்பே கிடைத்தது.

அறம் வளர்க!