நாணத்தால் மறைத்த நோய்



இம்மேடையில் நான் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று ஆடவர் வாய்திறக்க நாணும் ஒரு நோயைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதனை ஈராண்டுகள் மறைத்து வைத்திருந்தவன் நான். இரவில் நான்கு முறை எழுவேன். வெளியூர்த் திருமணங்களைத் தவிர்ப்பேன். காரணத்தை என் இல்லாளிடமும் கூறவில்லை.

சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. அகவை ஏறுங்கால் அது பருத்துக் குழாயை நெருக்குகின்றது. இப்பருமன் புற்றுநோயன்று, ஆயினும் அதுவோ இதுவோ என்று பிரித்தறிவது மருத்துவர் பணி.

இறுதியில் ஒருநாள் எவரும் அறியாமல் மருத்துவரைக் கண்டேன். இருவகை மாத்திரைகள் தந்தார். டாம்சுலோசின் என்பது அங்குள்ள தசையைத் தளர்த்திச் சிறுநீருக்கு வழிவிடும். சில நாள்களிலேயே பயன் தெரியும். ஆனால் சுரப்பியைச் சுருக்காது. சுருக்குவது ஃபினாஸ்டெரைடு. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, சுரப்பியை வளர்க்கும் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கின்றது. முழுப்பயன் காண ஆறு திங்களேனும் பொறுத்தல் வேண்டும். மாணவர்க்குப் பொறுமை கற்பித்த நானோ ஒரே திங்களில் அதனை நிறுத்திவிட்டேன்!

முதல் மாத்திரை சிலருக்கு இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். நள்ளிரவில் சட்டென எழுந்தவன் தலைசுற்றிக் கழிவறை வாயிலில் விழுந்தேன். அன்றுதான் வீட்டார்க்கு உண்மை தெரிந்தது. இப்போது கட்டில் விளிம்பில் சற்று அமர்ந்த பின்னரே எழுகின்றேன். இரு மருந்துகளையும் முறையாக உட்கொள்கின்றேன்.

மறைப்பதால் வேறு இடர்களும் உள. டாம்சுலோசின் உண்போர் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் அதனைக் கூறியே ஆக வேண்டும். கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து அறுவைக்கு இடையூறாகும். ஃபினாஸ்டெரைடு, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அறியாத மருத்துவர் புற்றுநோய் இல்லையென்று ஏமாறக்கூடும். உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கருவுற்ற மருமகளோ மகளோ தொடலாகாது. சளிக்குக் கடையில் தாமே வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும்.

கதிர் மறைந்தபின் உண்ணாத நம்மவர் சிலர், இரவு மாத்திரையை எங்ஙனம் கொள்வது என்று கேட்கின்றனர். டாம்சுலோசினை நாள்தோறும் ஒரே வேளை உணவுக்குப் பின் கொள்வதே முறை. அது இரவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாலை உணவை ஒட்டிக் கொள்ளலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். இருட்டியபின் நீர் பருகாமை இந்நோய்க்கும் நன்றே. அதற்காகப் பகலிலும் நாவை வறட்டாதீர்.

சிறுநீர் முற்றும் அடைபட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவையில் கேட்க நாணுவோர், உணவுக்குப் பின் என்னைத் தனியே காணலாம். பின்புற வேப்பமரத்தடியில் இருப்பேன்.