கைத்தொழிலும் வடிவமைப்புக் கல்வியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தச்சர், கொல்லர், கன்னார், சிற்பர், தட்டார் என்னும் ஐந்தொழிலாளர் வழிவந்த நம் மக்களுட் சிலர், மேனிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் உள்ளக வடிவமைப்பு, பொருள் வடிவமைப்பு ஆகிய பட்டப்படிப்புக்களை நாடுகின்றனர். 'உளி பிடிக்கும் கைக்குப் பட்டம் எதற்கு?' என்பர் ஒருசாரார். 'உளியினின்று விடுவிக்கவன்றோ பிள்ளையைப் படிக்கவைத்தோம். பொறியியலே போதும்' என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் பொருந்துமா என ஆராய்வதே யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளாம்.

அமெரிக்க வடிவமைப்பாளராகிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர், இந்திய அரசின் அழைப்பிற்கிணங்க நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தனர். அதன்கண் அவர்கள் பெரிதும் போற்றியது மாடமாளிகையன்று. நம் வீடுகளிற் புழங்கும் சொம்பேயாம். கொள்ளும் நீரின் அளவு, தலையிலும் இடுப்பிலும் சுமக்குங்காற் சாயாத நிலை, வாயின் வழியே நீர் ஒழுகும் வகை, பிடிக்கும் கையின் அளவு, விலை ஆகிய அனைத்தும் அதன்கண் அடங்கியிருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர். அது தனியொருவர் படைப்பன்று, பல தலைமுறையினர் திருத்தித் திருத்திக் கண்ட வடிவம் என்றும் தெளிந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

சொம்பை வார்த்தவர் கன்னாரல்லரோ? ஆகலின் இக்கல்வி நமக்கு அயலானதன்று. ஆயின் ஒன்று கருதுக. இற்றை நாளில் வீட்டின் உள்ளமைப்பை வரைபவர் ஒருவர். மரம் அறுத்து இழைப்பவர் வேறொருவர். வரைபவர் ஆணையிடுகின்றார், இழைப்பவர் நாட்கூலி பெறுகின்றார். எப்படிச் செய்வது என்பதை நம் பட்டறை கற்பிக்கும். யாருக்காக, எதற்காகச் செய்வது என ஆராய்ந்து, வரைந்து, விலை கணித்து, பிறர்க்கு விளக்குதலைக் கல்லூரி கற்பிக்கும். இரண்டும் ஒருவரிடத்தே கூடுமாயின் அவர் ஆணையை எதிர்நோக்கி நிற்க வேண்டுவதில்லை. பொறியியலோ வேறு துறை. அது இதற்கு ஈடாகாது.

இனி விண்ணப்பிக்கும் முறையைக் கூறுவோம். அந்நிறுவனத்தின் நான்காண்டுப் பட்டத்திற்கு முதனிலை, முதன்மை என இரு தேர்வுகள் உள. பின்னதில், கொடுத்த பொருள்களைக் கொண்டு கையால் ஒரு வடிவஞ் செய்து காட்டுதலும் உண்டு. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் 'யூசீட்' தேர்வில் ஒரு பகுதி கணினி வழியது. மற்றொரு பகுதி கையால் வரைவது. அதனை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறையே எழுதலாகும். அறிவியல், வணிகவியல், கலை ஆகிய எப்பிரிவு பயின்றோரும் இவற்றிற்கு உரியர்.

பெற்றோர் பலர் பொதுத்தேர்வு முடிவு வந்தபின் விசாரிக்கத் தொடங்குகின்றனர். அப்போது காலங் கடந்துவிடும். விண்ணப்பங்கள் அதற்குப் பல திங்கள் முன்னரே கொள்ளப்படும். பிற்பட்ட வகுப்பினர்க்குரிய 27 விழுக்காட்டு இடங்களை வேண்டுவோர், நடுவணரசுப் படிவத்தில் அமைந்த சான்றிதழை முன்னரே பெற்று வைத்தல் வேண்டும். மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது.

தேர்வாளர் நம் குலத்தை வினவார். கண்ணையும் கையையும் கருத்தையுமே வினவுவர். ஆகலின் ஒன்பதாம் வகுப்பு முதலே பிள்ளைகள் நாள்தோறும் ஒரு பொருளை வரைந்து பழகுக. அரிவாள்மனை, அம்மி, முக்காலி எதுவாயினும் ஆகுக. 'இஃது ஏன் இவ்வடிவிற்று?' என அதன்கீழ் எழுதுக. விடுமுறையிற் பட்டறையில் அமர்க. ஆண்பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைக்கும் உளியைக் கொடுங்கள். இத்தேர்வுகளுக்கு ஆங்கிலமும் வேண்டுதலின், தமிழ்வழி பயில்வோர் அதனையும் உடன் பயில்க.

நான்காண்டுச் செலவு பல இலக்கம் ஆதலின், ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு கல்வி நிதியும், வாரந்தோறும் ஓர் ஓவிய வகுப்பும் நம் சங்கம் தொடங்குதல் வேண்டும் என வேண்டிக்கொள்கின்றோம். முன்னோர் சொம்பை நமக்கு அளித்தனர். அதனை வடித்த அறிவு நம் மக்களிடத்தே நிலைபெறச் செய்வது நம் கடனாம்.