அழுகையிடையே பிறந்த மகிழ்ச்சி



கிறிஸ்தவ மக்களின் திருநாள்களுள் தலையாயது உயிர்த்த ஞாயிறு. நத்தார்ப் பண்டிகையின் ஆரவாரம் இதற்கில்லை. எனினும், அச்சமயத்தின் உயிர்நிலை இதுவேயாகும். நாற்பது நாள் தபசுகாலமும் பெரிய வெள்ளியின் துக்கமும் கழிய, சனி இரவு கத்தோலிக்க ஆலயங்களில் விளக்குகள் அணைக்கப்படும். வெளியே மூட்டிய புது நெருப்பிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றுவர். அதிலிருந்து மக்கள் தத்தம் திரிகளை ஏற்றிக்கொள்வர். இவ்வாறு இருளில் தொடங்குவதே இத்திருநாளின் இயல்பு.

வன்னி மக்கள் அவ்விருளை நன்கறிவர். 2004 டிசெம்பர் 26 இல் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. அடுத்த உயிர்த்த ஞாயிறு 2005 மார்ச் 27 இல், மூன்று திங்கள் நிறைந்த மறுநாள், வந்தது. 2009 ஏப்பிரல் 12 இல் அது வந்தபோது, எண்ணற்ற குடும்பங்கள் முல்லைத்தீவின் ஒடுங்கிய கடற்கரைத் துண்டொன்றில், போரின் நடுவே உயிரைக் கையிற் பிடித்திருந்தன. 2019 ஏப்பிரல் 21 இல், கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் திருநாளன்றே குண்டுகள் வெடித்தன. ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக அன்று 250 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்துணை இழந்தோரிடம், ‘மகிழ்ந்திருங்கள்’ என்று சொல்ல எவருக்கு நா எழும்?

யோவான் எழுதிய நற்செய்தி இதற்கு வழி காட்டுகிறது. விடியுமுன் கல்லறைக்கு வந்த மகதலா மரியாள், உடலைக் காணாது அழுகிறாள். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்றெண்ணி, உடலை வைத்த இடத்தைக் கேட்கிறாள். அவர் தத்துவம் பேசவில்லை. அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த ஒரு சொல்லில் அவரை இன்னாரென்று அறிந்தாள். பின்னர், ஐயுற்ற தோமையாருக்குத் தம் காயங்களையும் அவர் காட்டினார். உயிர்ப்பு வடுக்களை அழித்துவிடவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மரியாளின் வினா வன்னியிலும் ஒலித்தது. 2017 பெப்ரவரி 20 இல், கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ‘எம் பிள்ளைகள் எங்கே?’ என்பதே அவர்கள் கேட்டது. அழுவதற்கு ஒரு கல்லறைதானும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களிடம் ‘மறந்துவிடுங்கள்’ என்பது உயிர்ப்பின் செய்தியன்று. இறைவன் ஒவ்வொருவரையும் பெயரால் அறிவான். எவரும் அவன் நினைவினின்று தவறுவதில்லை. இதுவே கிறிஸ்தவ விசுவாசம். அழுதுகொண்டே கொள்ளத்தக்க மகிழ்ச்சியும் இதுவே.

பாடசாலையில் இடாப்பு வாசிக்கையில், தன் பெயர் கேட்ட பிள்ளையின் முகம் மலர்வதை ஆசிரியர் நாள்தோறும் காண்கின்றனர். பெயர் சொல்லி அழைப்பதன் வலிமை அத்தகையது.

ஆகவே, நேயர்களே, இத்திருநாளில் அயல்வீட்டுக்குப் பலகாரத்தோடு செல்லும்போது, அவ்வீட்டில் இன்றில்லாத பிள்ளையின் பெயரையும் கேளுங்கள். தாய் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.