டென்மார்க்கிலும் பிரித்தானியாவிலும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கை

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



வெளிநாடு பற்றிப் பேச்சு வந்தால் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அங்கே மணித்தியாலத்துக்கு எவ்வளவு?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நாட்டில் தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று சொல்லிவிட முடியாது. அதனால் இன்றைக்கு இரண்டு நாடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். ஒன்று பிரித்தானியா, நம் தோட்டங்களுக்குத் துரைமார் வந்த நாடு. மற்றது டென்மார்க். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் பிஸ்கட் டின்னில் மட்டுமே தெரியும். ஏறக்குறைய 60 இலட்சம் பேர் வாழும் சிறிய நாடு அது.

இரண்டும் வசதியான நாடுகள். இரண்டிலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டணம் இல்லை, அரசாங்கப் பள்ளிக்கூடமும் இலவசம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

பிரித்தானியாவில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1999 ஏப்ரலில் மணித்தியாலத்துக்கு 3 பவுண் 60 பென்சில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 12 பவுண் 21 பென்ஸ் ஆனது. டென்மார்க்கில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. "அப்படியென்றால் கம்பனிக்காரன் நினைத்ததைத்தானே கொடுப்பான்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அங்கே சம்பளத்தைத் தீர்மானிப்பது கூட்டு ஒப்பந்தம். பத்துத் தொழிலாளர்களில் ஏறக்குறைய எட்டுப் பேர் ஏதோ ஒரு கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். 1899இல் முதலாளிமார் வேலைத்தலங்களை மாதக்கணக்கில் இழுத்து மூடிப் பார்த்தார்கள். கடைசியில் சங்கங்களை ஏற்றுக்கொண்டு அந்தச் செப்டெம்பரில் உடன்படிக்கை செய்தார்கள். அங்கே இன்றுள்ள முறைக்கு வேர் அதுதான்.

கூட்டு ஒப்பந்தம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானித்தபோது, கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டதையும் பார்த்தோம். அதனால் மக்டொனால்ட்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1981இல் அந்த அமெரிக்கச் சாப்பாட்டுக்கடைக் கம்பனி டென்மார்க்கில் முதல் கடையைத் திறந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது. சட்டப்படி அதில் குற்றம் இல்லை. கடைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள், தனியாக நின்று போராடப் பலம் இல்லாதவர்கள். 1988 கடைசியில் மற்றத் தொழில்களின் சங்கங்கள் இறங்கின. துறைமுகத் தொழிலாளர் அந்தக் கம்பனிக்கு வந்த சாமான்களை இறக்கவில்லை. லொறிக்காரர்கள் ஏற்றவில்லை. அச்சகத் தொழிலாளர் அதற்காக எதையும் அச்சடிக்கவில்லை, விளம்பரத்துக்கு எழுத்துக் கோர்க்கவும் மறுத்தார்கள். கட்டடத் தொழிலாளர் புதுக் கடை கட்டப் போகவில்லை. இவர்களில் ஒருவர்கூட அந்தக் கடையில் வேலை செய்தவர் அல்ல. 1989இல் கம்பனி பணிந்தது. இன்று அங்கே அந்தக் கடைகளில் வேலை செய்யும் வளர்ந்தவர் ஒருவருக்கு, பிரித்தானியச் சட்டச் சம்பளத்தைவிட மணித்தியாலத்துக்குச் சில பவுண் கூடக் கிடைக்கிறது. மாலை வேலைக்கும் வார இறுதி வேலைக்கும் மேலதிகக் கொடுப்பனவு வேறு.

இதையே பிரித்தானியாவில் செய்ய முடியாது. ஒரு கம்பனித் தொழிலாளருக்காக வேறு கம்பனித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 1980களில் படிப்படியாகக் குறைத்து, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாக எடுத்துவிட்டார்கள். 1979இல் அங்கே சங்க அங்கத்தவர்கள் 1 கோடி 30 இலட்சத்துக்கு மேல். இன்று ஏறக்குறைய அதில் பாதி. டென்மார்க்கில் தொழிலாளர் மூவரில் இருவர் சங்கத்தில் இருக்கிறார்கள்.

காய்ச்சலில் படுத்தால் பேர் இல்லை என்பது நம் லயத்துக்குப் பழகிய கதை. பிரித்தானியாவில் சட்டம் கட்டாயமாக்கிய நோய்க்காலக் கொடுப்பனவு 2025இல் வாரத்துக்கு 118 பவுண் 75 பென்ஸ். குறைந்தபட்சச் சம்பளத்தில் 37 மணித்தியாலம் வேலை செய்பவர் உழைப்பது 450 பவுணுக்கு மேல். நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு வாடகை கட்டிப் பாருங்கள்! டென்மார்க்கில் வேலை போனால்கூட, காப்பு நிதியில் சேர்ந்து சந்தா கட்டியவருக்கு முந்திய சம்பளத்தில் 90 வீதம் வரை, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு, இரண்டு வருடம் வரை கிடைக்கும்.

தாய்மாருக்கு ஒரு செய்தி. அங்கே பிள்ளைக் காம்பராவில் இடம் கொடுப்பது நகரசபையின் கடமை. பெற்றோர் கட்டுவது செலவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

வீட்டு விசயம்தான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. பிரித்தானியாவில் நகரசபைகள் கட்டிய வாடகை வீடுகளை, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றார்கள். வாங்கியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை, அடுத்த தலைமுறை வரிசையில் நிற்கிறது. டென்மார்க்கில் ஐந்தில் ஒரு வீடு இலாபம் எடுக்காத வீட்டுச் சங்கங்களுடையது. வாடகை என்பது கட்டிய கடனும் பராமரிப்புச் செலவும்தான். ஒவ்வொரு குடியிருப்பிலும் வாடகைக்காரர் தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிவு செய்கிறார்கள், வருட வரவு செலவுக்கு அவர்கள் சம்மதம் வேண்டும். கூரை ஒழுகினால் யாருக்கு மனுக் கொடுப்பது என்று அலையத் தேவையில்லை!

டென்மார்க் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வருமான வரி கடுமை. பாணுக்கும் 25 வீத வரி உண்டு, பிரித்தானியாவில் பெரும்பாலான உணவுக்கு அந்த வரி இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. மலிவுச் சந்தா என்று சொல்லி ஆள் சேர்க்கும் சங்கங்கள் அங்கே வளர்ந்து வருகின்றன. மஞ்சள் சங்கங்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அவை பெரும்பாலும் ஒப்பந்தம் பேசப் போவதில்லை, மற்றவர்கள் பேசி வாங்கியதன் பலனை அவர்களின் அங்கத்தவரும் அனுபவிக்கிறார்கள். இளைஞர்கள் அந்தப் பக்கம் போவதுதான் பழைய சங்கங்களுக்கு இன்று பெரிய தலையிடி.

நம் தோட்டங்களில் சந்தாவை நிறுத்திய இளைஞர்கள் எத்தனை பேர், ஏன் நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு தலைவரும் தலைவியும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், அந்தக் கடதாசிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பேசுவோம்.