பழைய கணினியும் நேர்மையான போட்டியும்

வெல்லாவெளி அறக்கட்டளைச் சொற்பொழிவு

1. ஆர்வலர்கள் காக்கும் சான்று

1980களிலும் 1990களிலும் வந்த கணினிகளைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுவோர் பல நாடுகளில் உள்ளனர். கெட்டுப்போன மின்தேக்கிகளை மாற்றுவதும், நெகிழ்வட்டில் இருப்பதை அழியுமுன் படியெடுப்பதும், கையேடுகளைச் சேர்ப்பதும் அவர்களது வேலை. சந்தையில் தோற்ற மென்பொருளை மீண்டும் ஓட்டிப் பார்க்க முடிவதால், அது தரத்தில் தோற்றதா, வழி அடைபட்டுத் தோற்றதா என்று ஆராய இடமுண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆதிக்கம் பற்றிய வழக்குகளின் அடியிலும் இதே கேள்விதான் கிடக்கிறது.

2. டொஸ் சந்தை

ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்கான பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ட் கொடுத்தது. டிம் பற்றர்சன் எழுதியதை விலைக்கு வாங்கித் திருத்திய முறைமை அது; மைக்ரோசொப்ட் எம்எஸ்-டொஸ் என்று விற்றதும் அதுவே. கரி கில்டாலின் டிஜிற்றல் றிசேர்ச் நிறுவனம் ஆக்கிய சிபி/எம்-86 பின்னர் அதே கணினிக்குக் கிடைத்தது. மைக்ரோசொப்ட் கொடுத்த முறைமையின் விலை 40 டொலர், சிபி/எம்-86இன் விலை 240 டொலர். வாங்குவோர் மலிவானதையே எடுத்தனர்.

டிஜிற்றல் றிசேர்ச் 1988இல் டிஆர்-டொஸ் என்ற முறைமையோடு திரும்பி வந்தது. எம்எஸ்-டொஸுக்கு எழுதிய நிரல்கள் அதிலும் ஓடின. 1990இல் வந்த அதன் 5ஆம் பதிப்பு, நிரல்களுக்குக் கூடுதல் நினைவகத்தை விடுவித்துக் கொடுத்தது. மறு ஆண்டு மைக்ரோசொப்டும் அத்தகைய வசதியைத் தன் 5ஆம் பதிப்பில் சேர்த்தது. போட்டி இருந்தபோது பாவனையாளர் அடைந்த பயன் இது.

அந்தப் போட்டிக்கு இரண்டு தடைகள் வந்தன. முதலாவது உரிம ஒப்பந்தம். அதைச் செய்த உற்பத்தியாளர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் எம்எஸ்-டொஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மைக்ரோசொப்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வேறு முறைமையை ஏற்றினால் இரட்டைச் செலவு. அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் 1994இல் செய்த உடன்பாட்டின்படி மைக்ரோசொப்ட் இந்த முறையைக் கைவிட்டது.

இரண்டாவது தடை நிரலுக்குள்ளேயே இருந்தது. விண்டோஸ் 3.1இன் சோதனைப் பதிப்பு, அடியில் ஓடுவது டிஆர்-டொஸ் என்று கண்டால் ஒரு பிழைச் செய்தியைக் காட்டியது. அச்சோதனையைச் செய்த பகுதி மறைகுறியாக்கப்பட்டிருந்தது. விற்பனைக்கு வந்த பதிப்பில் அது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தாலும் நிரலிலிருந்து நீக்கப்படவில்லை. நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்களே இதை வெளிக்கொணர்ந்தனர். டிஆர்-டொஸின் உரிமையைப் பெற்ற கல்டெரா நிறுவனம் 1996இல் வழக்குத் தொடுத்தது. 2000 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மைக்ரோசொப்ட் கொடுத்த தொகை 280 மில்லியன் டொலர் என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியானது.

3. நீதிமன்றத் தீர்வுகள்

அமெரிக்க அரசு மைக்ரோசொப்டுக்கு எதிராக 1998இல் தொடுத்த பெரிய வழக்கில், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டளையை நீக்கியது. ஆனால் நிறுவனம் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவை நிலைநிறுத்தியது.

ஐரோப்பிய ஆணைக்குழு 2004 மார்ச்சில் மைக்ரோசொப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அபராதத்தைவிடப் பயன் தந்தது மற்றொரு கட்டளை: விண்டோஸ் கணினிகள் சேவையகங்களோடு பேசும் முறையின் விவரங்களைப் போட்டியாளருக்குத் தர வேண்டும். விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சம்பா என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்குவோர் 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டி அந்த விவரங்களைப் பெற்றனர்.

வழக்குகள் இப்படி முடிந்தாலும், தோற்ற மென்பொருளுக்கு மறுவாழ்வு தந்தவர்கள் ஆர்வலர்களே. ஜிம் ஹோல் 1994இல் தொடங்கிய ஃப்ரீடொஸ் திட்டத்தால் பழைய டொஸ் நிரல்கள் இன்றும் ஓடுகின்றன. பீ நிறுவனத்தின் பீஓஎஸ் முறைமையைத் தன்னார்வலர் 2001 முதல் புதிதாக எழுதி வருகின்றனர். அதன் இன்றைய பெயர் ஹைக்கு.

4. தமிழ் எழுத்தும் பூட்டும்

ஆதிக்க நிறுவனம் எதுவும் திட்டமிடாமலும் பாவனையாளர் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொள்ளலாம். இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. அதில் தட்டச்சிட்ட ‘அம்மா’ என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த கோவையாகத் தெரியும். ஆவணத்தைப் படிக்க எழுத்துருவும் வேண்டும்; தேடுவதும் அகரவரிசைப்படுத்துவதும் கடினம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் தமிழுக்கு இடமளித்தது. விண்டோஸ் 2000 முறைமையில் ‘லதா’ எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் வசதி வந்தது. லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கியவர்களும், ‘எ-கலப்பை’ விசைப்பலகை மென்பொருளை இலவசமாகத் தந்தவர்களும் அதே குறியீட்டுக்கு இடமளித்தனர். இலங்கையில் தமிழ்க் குறியீட்டுக்கும் றெங்கநாதன் விசைப்பலகைக்கும் எஸ்எல்எஸ் 1326:2008 என்ற தரநிலை உண்டு. பொதுத் தரநிலை வந்தபின் தமிழ்க் கடிதத்தை ஒருங்குறியை ஏற்கும் எந்த முறைமையிலும் எழுதலாம், எதிலும் படிக்கலாம்.

5. சட்டமும் கொள்வனவும்

இலங்கையின் 1987ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க இடமளித்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், போட்டியைப் பொறுத்தவரை, அதற்கு எதிரான செயல்களை மட்டும் விசாரிக்க இடமளிக்கிறது; இணைப்புகள் அதன் வரம்பில் இல்லை. எனவே போட்டியைக் காப்பதில் அரச கொள்வனவுக்குப் பெரும் பங்குண்டு.

பழைய கணினிகளை மாற்றுவதா என்பதும் ஒரு கொள்வனவுக் கேள்வி. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றது. விண்டோஸ் 11 குறித்த பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகள் பலவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அப்படி மாறுவதற்கு, ஆவணங்கள் ஒரே நிறுவனத்தின் வடிவத்தில் பூட்டப்படாதிருக்க வேண்டும்.

வெல்லாவெளியிலுள்ள போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் போன்ற அலுவலகங்களுக்கும் படுவான்கரைப் பாடசாலைகளுக்கும் இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. தமிழ் ஆவணங்கள் ஒருங்குறியில் அமைய வேண்டும். கோப்புகளை, 2006இல் சர்வதேசத் தரநிலையான திறந்த ஆவண வடிவம் போன்ற, எவரும் செயற்படுத்தக்கூடிய வடிவத்தில் சேமிக்க வேண்டும். கேள்விப்பத்திரத்தில் மென்பொருளின் வணிகப் பெயரை எழுதாமல், அது செய்ய வேண்டிய வேலையை எழுத வேண்டும்.